பாதி வழியில் திரும்புவோர்

குடியையோ தூளையோ விட்டுவிட வேண்டுமென்று ஒருவன் தீர்மானித்துச் சிகிச்சை நிலையத்தின் வாசற்படியை மிதித்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. உள்ளே போனவர்களிற் பலர் சில நாட்களிலேயே, சிலர் மறுநாளே, திரும்பி வந்துவிடுகின்றனர் என்பது உலகெங்கும் இத்துறையில் உழைப்போர் கண்ட அனுபவம். திரும்பி வந்தவனைப் பார்த்து, “இவன் திருந்தமாட்டான்” என்று ஊர் கைகழுவி விடுகின்றது. வீட்டுக்காரி மறுபடியும் அடகுக்கடைப் படியேறுகிறாள்.

இவர்களைச் சிகிச்சையில் நிலைத்திருக்கச் செய்வது எது? சட்டமா, புத்திமதியா, பரிவா, பரிசா? ஆராய்ச்சியாளர் இக்கேள்வியை ஆறு தசாப்தங்களுக்கு மேலாகத் துருவி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகள் திருகோணமலை போன்ற ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையே இங்கு நாம் பார்க்கப் புகுகின்றோம்.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. அதன் பின்பும் அந்தக் குடாவைச் சுற்றி உழைப்பு ஓயவில்லை. எண்ணெய்த் தாங்கிகளும், மாவாலையும், சீமெந்து ஆலையும், கடற்படைத் தளமும் ஒருபுறம். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று நீளும் மீன்பிடிக் கிராமங்கள் மறுபுறம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டம் இது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையை அள்ளிச் சென்றது. 2009 வரை யுத்தம் இருந்தது. உடல் நோக உழைத்து அன்றாடக் கூலியைக் கையில் வாங்கும் இடங்களில் சாராயமும் கசிப்பும் நெடுநாளாகக் குடியிருப்பவை. 1980களின் தொடக்கத்தில் இலங்கையிற் புகுந்த ஹெரோயினும், அண்மை ஆண்டுகளில் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. இது திருகோணமலைக்கு மட்டும் உரிய அவலமன்று. நாடெங்கும் உள்ளதே.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 1984இல் தனிச்சட்டத்தின் மூலம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அச்சபை நடத்திவந்த வதிவிடச் சிகிச்சை நிலையங்களிற் பெயர் பெற்றவை தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் அமைந்தவை. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாம் மேற்கிலும் மலைநாட்டிலும் தெற்கிலும் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். கரைவலை இழுக்கும் ஒருவர் அந்தத் தூரம் போய்ப் பல வாரம் தங்குவதென்றால், வீட்டில் அத்தனை வாரமும் அடுப்பு எரிவது எப்படி? சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் என்னாவது? தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர் வேற்றுமொழிச் சூழலில் தம் நெஞ்சிலுள்ளதை எவரிடம் கொட்டுவார்? ‘ஊக்கமில்லாதவன்’ என்று நாம் ஒருவரைக் குறை கூறுமுன் இக்கேள்விகளைக் கேட்பது நியாயம்.

அடுத்தது உடம்பின் கதை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணித்தியாலங்களிலேயே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை அகன்றுபோகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதுமான கொடிய நிலை தோன்றவும் கூடும். அது உயிருக்கே ஆபத்தானது. ஆதலின் கடுங்குடியரை வீட்டு அறையிற் பூட்டிவைத்துக் குடியை மறக்கச் செய்யலாம் என்று எவரும் முயலலாகாது. வைத்தியசாலையில் மருந்து கொடுத்து இந்நாட்களைக் கடத்திவிட வழியுண்டு. ஹெரோயினை நிறுத்துவோருக்கு வரும் வயிற்றுப்போக்கும் எலும்புநோவும் பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை; ஆனால் அந்த வேதனையைத் தணிக்காவிட்டால் மனிதன் மதிலேறிக் குதித்தாவது ஓடிவிடுகிறான். அப்படி ஓடியவனை மனவுறுதியற்றவன் என்று சொல்வது பொருந்துமா? பல்வலி தாங்காமல் துடிப்பவனை மனவுறுதியற்றவன் என்று நாம் சொல்வதில்லையே!

ஆயினும் வைத்திய உலகமே ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லிற்று. குடிகாரன் தன் நோயை ஒப்புக்கொள்ளாமல் மறுப்பவன். அந்த மறுப்பை அடித்து நொறுக்கினாலன்றி அவன் திருந்தான் என்பது பலரின் கொள்கையாயிருந்தது. வராதவர்மேற் பழி, விலகியவர்மேற் பழி. அழைத்தவரிடம் ஏதும் குறை இருந்திருக்கலாம் என்று எவரும் எண்ணவில்லை.

பொஸ்டன் நகரில் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் மொரிஸ் சாஃபெற்ஸ் என்ற மனநோய் வைத்தியரும் அவருடைய தோழர்களும் அதை எண்ணிப் பார்த்தார்கள். விபத்துப் பிரிவுக்கு வரும் குடிநோயாளரை வழமைபோல் மருந்து கட்டி, “மதுச் சிகிச்சைப் பிரிவுக்குப் போ” என்று அனுப்பினால் ஏறக்குறைய ஒருவருமே போவதில்லை. ஆகவே 100 பேரை ஒரு தொகுதியாக எடுத்து, வந்த நேரத்திலேயே ஒரு வைத்தியரும் ஒரு சமூகசேவையாளரும் அவர்களைச் சந்தித்து, மரியாதையோடு பேசி, சாப்பாடு, படுக்க இடம் போன்ற உடனடித் தேவைகளையும் கவனித்தனர். மற்றொரு 100 பேர் வழமைபோல் நடத்தப்பட்டனர். 1962இல் வெளியான முடிவு இதுதான்: வழமைபோல் நடத்தப்பட்டவர்களுள் சிகிச்சைப் பிரிவுக்கு முதற்றடவை போனவர்கள் நூற்றுக்கு 5 பேர் அளவு, மரியாதையோடு வரவேற்கப்பட்டவர்களிலோ 65 பேர். ஐந்து தடவையோ அதற்கு மேலோ போனவர்கள் முதல் வகையில் 1, இரண்டாம் வகையில் 42. நோயாளர் அதே வகையினர். மாறியது வரவேற்பு மட்டுமே.

அதே குழுவைச் சேர்ந்தோர் பங்கெடுத்த இன்னோர் ஆய்வு 1967இல் வெளிவந்தது. அதை வாசித்தபோது நாம் வியந்துபோனோம். ஒன்பது வைத்தியர்களிடம் குடிநோயாளரைப் பற்றிய அவர்களின் அனுபவத்தைப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்தார்கள். சொற்கள் விளங்காதபடி ஒலியை வடிகட்டி, குரலின் தொனி மட்டும் கேட்குமாறு செய்து, அதில் எவ்வளவு சினம் தொனிக்கிறது என்று வேறு சிலரைக் கொண்டு மதிப்பிட்டார்கள். குரலில் சினம் குறைந்த வைத்தியர் எவரோ, அவர் அனுப்பிய நோயாளரே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் அதிகம்! சொல்லுக்கு முன்னே தொனி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளும் அதைத்தானே முதலிற் கேட்கிறார்கள்?

இதனினும் எளிய காரியங்களும் பலித்தன. சந்திப்புக்கு வராமற் போனவருக்கு, “உம்மைக் காணவில்லை, மறுபடி வருவீர் என்று எதிர்பார்க்கிறோம்” என்ற கருத்தில் கையால் எழுதிய ஒரு கடிதம். 1965இல் வெளியான ஆய்வில் கடிதம் பெறாதவருள் நூற்றுக்கு 31 பேர் திரும்பி வந்தனர். பெற்றவருள் 50 பேர். இரண்டு ஆண்டுகளின் பின் அதே ஆய்வாளர் கடிதத்துக்குப் பதில் தொலைபேசியில் ஒருமுறை அழைத்துப் பார்த்தனர். 8 ஆக இருந்த எண் 44 ஆயிற்று. அதற்கும் முன், 1957இல், ஒரு குடும்ப நல நிலையத்தில், வேறு நிலையத்தின் முகவரியைக் கையிற் கொடுத்து அனுப்பினால் நூற்றுக்கு 37 பேரே போய்ச் சேர்ந்தனர் என்றும், ஊழியரே தொலைபேசியை எடுத்து அவர்கள் முன்னிலையில் ஏற்பாடு செய்தால் 82 பேர் போனார்கள் என்றும் கண்டிருந்தனர். துண்டு எழுதிக் கையில் திணித்து அனுப்புவதே நம் நாட்டு வெளிநோயாளர் பிரிவுகளில் இன்றும் பெருவழக்கு. கூட்டம் நிரம்பி வழியும் இடத்தில் வேலை செய்யும் தாதிமாரை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்தத் துண்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று எவராவது எண்ணிப் பார்த்தால் நல்லது.

இந்த ஆராய்ச்சி முழுவதும் ஒரு முறையாகத் திரண்டது வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கையில். 1980இல் அவரும் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகரின் பரிவுக்கும் நோயாளரின் முன்னேற்றத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கக் காணப்பட்டது. பரிவு மிகக் குறைந்த ஆலோசகரிடம் போனவரைவிட, ஒரு கைநூலை மட்டும் பெற்று வீட்டுக்குப் போனவரே மேலாயிருந்தனர் என்பது அதிற் சிரிப்பும் கவலையும் தரும் செய்தி. பின்னர் மில்லர் நோர்வேயில் தங்கியிருந்தபோது அங்குள்ள இளம் உளவியலாளர், “நீங்கள் ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், ஏன் அதைக் கேட்கவில்லை?” என்று துளைத்தெடுத்தார்களாம். அவர்களுக்கு விடை சொல்லப் புகுந்தே தம் முறையைத் தெளிவுபடுத்திக்கொண்டு, 1983இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து எழுதிய நூல் 1991இல் வந்தது. ஊக்கமூட்டும் உரையாடல் என்று நாம் அதைத் தமிழிற் சொல்லலாம்.

அதன் சாரத்தை நம்மூர்ப் பேச்சிலே காட்டுவோம். ஒருவர் சொல்கிறார்: “தம்பி, நீர் இந்தக் குடியை விடாட்டி ஈரல் கெட்டுச் செத்துப்போவீர்.” மற்றவர் உடனே, “எங்கட அப்பா எழுபது வயசு மட்டும் குடிச்சவர் ஐயா, அவருக்கு ஒண்டும் ஆகேல்ல” என்கிறார். பேச்சு அதோடு முடிந்தது. குடிக்கு எதிராக வைத்தியர் வழக்காடினால், குடியின் பக்கம் நின்று நோயாளி வழக்காட வேண்டியதாகிறது. தன் வாயாலேயே தன் குடியை நியாயப்படுத்தி, எழுந்து போகிறார்.

இனி இன்னொரு விதம். “தம்பி, குடியால உமக்கு ஏதோ நன்மையும் இருக்கத்தானே செய்யும். அதென்ன?” “வலை இழுத்த உடம்புநோ தெரியாது ஐயா. நித்திரை வரும்.” “சரி. பிடிக்காதது ஏதும் இருக்கோ?” சற்று நேரம் மௌனம். “மகள் இப்ப என்னோட கதைக்கிறேல்ல.” “மகள் கதைக்கிறேல்ல எண்டது உமக்குப் பெரிய வேதனை.” “ஓம் ஐயா.” “குடியை விடவேணும் எண்ட எண்ணம் பத்துக்கு எத்தினை இருக்கும்?” “ஒரு மூண்டு.” “ஏன் மூண்டு? பூச்சியம் இல்லாமல்?” இக்கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால், குடியை விடுவதற்கான காரணங்களை அவரே அடுக்க வேண்டியிருக்கிறது. பிறர் சொன்ன காரணம் காதோடு போகும். தான் சொன்ன காரணம் தன்னோடு வீட்டுக்கு வரும்.

மதுமயக்கத்திலிருப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடப் போவது போன்றது என்ற கருத்தை வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திலே சொல்லியிருக்கிறார். நம் முன்னோர் அறியாததன்று. 1993இல் மில்லரும் தோழரும் வெளியிட்ட ஆய்வோ, தெளிந்திருக்கும் வேளையிற்கூட, ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து மோதினாரோ அவ்வளவுக்கு ஓராண்டின் பின் நோயாளர் அதிகமாகக் குடித்தனர் என்று காட்டிற்று.

இம்முறையை மந்திரக்கோல் என்று நாம் சொல்லவரவில்லை. 2006இல் கத்லீன் கரோல் முதலியோர் அமெரிக்காவில் ஐந்து சிகிச்சை நிலையங்களில் 423 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சேரும் நாளன்று இவ்வாறு ஒருமுறை உரையாடப்பட்டவர்கள் முதல் நான்கு வாரத்தில் அதிகமாக நிலைத்திருந்தனர். ஆனால் பன்னிரண்டு வாரத்தின் பின் போதைப் பாவனையிற் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு நல்ல உரையாடல் ஒரு மாதத்துக்குத் தாங்கும். அதன் பின் வேறு கை வேண்டும்.

“இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுச் சங்கதி” என்று சொல்வோர் உளர். அவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். அதுவும் கடலோரம், அங்கும் மீனும் மதுவும் உண்டு. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் முதலியோர் அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், அபாயமான அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்களை வைத்து ஆராய்ந்தனர். உரையாடியவர்கள் வைத்தியர்களோ உளவியற் பட்டதாரிகளோ அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சாதாரண மனிதர். மிஞ்சினால் நான்கு சந்திப்புகள். 2017இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தின் பின் அபாயக் குடியிலிருந்து மீண்டவர்கள், உரையாடல் பெற்றவருள் நூற்றுக்கு 36, மற்றவருள் 26. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அது 54க்கு 32 என்ற அளவில் இருந்தது. மனநல வைத்தியர் தட்டுப்பாடான மாவட்டங்களுக்கு இதைவிட நல்ல செய்தி எது?

சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோகலாம் என்பதைத் தமிழ்நாட்டிலும் செய்து காட்டியிருக்கின்றனர். சென்னையில் 1980இல் டி. டி. ரங்கநாதன் பெயரால் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார்; குடிநோயாற் கணவரை இழந்தவர். 1980களின் இறுதியில் அந்நிலையம் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் பதினைந்து நாள் முகாம்களை நடத்தத் தொடங்கிற்று. நோயாளர் நகரத்துக்குப் போகவில்லை; சிகிச்சை அவர்கள் ஊருக்கு வந்தது. மனைவியரும் பெற்றோரும் பங்கெடுத்தனர். முகாம் கலைந்த பின்பும் ஊழியர் மீண்டும் மீண்டும் வந்து விசாரித்தனர்.

மனைவியர் என்றதும் நமது வாசகிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. “அவர் வரவே மாட்டன் எண்டால் நான் என்ன செய்ய?” என்ற கேள்விக்கும் ஆராய்ச்சி உண்டு. 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சையை மறுக்கும் குடிகாரரின் குடும்பத்தினர் 130 பேரை மூன்று வகையாகப் பிரித்தனர். ஒரு வகையினர் குடும்பத்தவருக்கான ஆதரவுக் குழுக்களில் ஈடுபட வழிகாட்டப்பட்டனர். இரண்டாம் வகையினர் எல்லாரும் கூடி அவரை நேரிற் கண்டித்து வற்புறுத்தப் பயிற்றப்பட்டனர். மூன்றாம் வகையினருக்கு ரொபேட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி. அன்புக்குரியவர் சிகிச்சைக்கு வந்தது முறையே நூற்றுக்கு 13, 30, 64.

அந்தப் பயிற்சியில் அப்படி என்ன இருக்கிறது? வெறியோடு வந்த இரவில் வாதாடாமலிருத்தல். தெளிந்திருக்கும் பொழுதை இனிமையாக்குதல். அவர் குடித்ததால் வந்த வினையை அவரே சுமக்க விடுதல், அஃதாவது வேலைத்தலத்துக்கு, “அவருக்குக் காய்ச்சல்” என்று பொய் சொல்லாதிருத்தல். அவரே மனம் நொந்து பேசும் பொழுதறிந்து சிகிச்சையைப் பற்றி எடுத்துச் சொல்லுதல். அன்றைக்கே போக இடம் ஆயத்தமாக வைத்திருத்தல். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அடி உதை இருக்கும் வீட்டிற் பெண் தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதே முதற்காரியம் என்று அப்பயிற்சி வலியுறுத்துகிறது. கணவன் திருந்தும்வரை அடிபட்டுக் கிடப்பது பொறுமையாகாது.

பரிசு என்றோம் அல்லவா? கனெற்றிக்கட் மாநிலத்தில் நான்சி பெற்றி என்ற ஆய்வாளர் ஒரு கிண்ணத்தில் சீட்டுகளைப் போட்டுவைத்தார். குடிக்காமல் வந்தவர் சீட்டு இழுக்கலாம். சிலவற்றில் பாராட்டு மட்டும். பெரும்பாலானவற்றில் ஒரு டொலர் பெறும் சிறு பொருள். ஒரேயொரு சீட்டில் நூறு டொலர் பரிசு. 2000இல் வெளிவந்த முடிவு: முன்னாள் இராணுவத்தினர் 42 பேருள், சீட்டு இழுத்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் எட்டு வாரமும் நிலைத்தனர்; மற்றவர்களில் 22. குடியை விடுவதற்குக் கூலியா என்று நம்மவர் நகைப்பர். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாட்கூலிக்காரரிடம், கூலியை இழந்து சிகிச்சைக்கு வா என்கிறோம்; வந்த நாளுக்கு ஒரு கிலோ அரிசி கொடுப்பது அவமானமாகுமா?

வற்புறுத்தலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் விரும்பி வருவோருக்கு மட்டுமன்றிக் கட்டாயச் சிகிச்சைக்கும் வழி வகுத்தது. மகாவலி வெளியிலுள்ள கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் இறுதியில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அடைத்து வைத்தால் ஆள் இருப்பான். மனம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அந்த மகாவலியே மூதூருக்கு அருகில் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. அக்குடாவின் கரையிலேயே, விரும்பி வருவோருக்கு ஒரு வழி இருக்க வேண்டாமா?

அவ்வழியை அமைப்பதற்குக் கடலே ஒரு நாட்காட்டி தந்திருக்கிறது. சோளகம் வீசும் காலத்தில், ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, கீழைக்கடல் அமைதியாயிருக்கும். நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவரும் இங்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். குடும்பத்தைப் பிரிந்து வாடியில் இருப்பவரை அப்போது சிகிச்சைக்கு அழைத்தால் வருவாரா? நவம்பரில் வாடை கிளம்பியதும் அவர்கள் ஊர் திரும்புவர். உள்ளூர்த் தோணிகளும் பெரும்பாலும் கரையேறிவிடும். கையிற் காசில்லை, செய்ய வேலையில்லை. கடனுக்குக் குடிக்கும் காலம் அதுவே. மஞ்சக்குடி போன்ற முகாம் ஒன்றை நிலாவெளியிலோ மூதூரிலோ வைப்பதானால் இந்த மாதங்களே ஏற்றவை என்பது எமது எண்ணம். நிறுத்தும் முதற் சில நாட்களை வைத்தியசாலையிற் கழித்தபின், ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ முகாம் கூடலாம். கோவாவிற் செய்ததுபோல் தமிழும் சிங்களமும் தெரிந்த இளைஞர் சிலரைப் பயிற்றினால் உரையாட ஆள் கிடைக்கும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர், அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி எண்ணையோ, தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற எண்ணையோ அழைக்கலாம். குடும்பத்தவரும் அழைக்கலாம்.

முகாமுக்கு வந்து மூன்றாம் நாள் எழுந்து போனவர் பெயரை இடாப்பிலிருந்து வெட்டிவிடாமல், அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடலாம். அச்சடித்ததாக இருக்கக்கூடாது, கையெழுத்தில் இருக்க வேண்டும். செலவு ஒரு தபால்தலை.